சாட்சியின் முதல் பாதி

வேதசிரோமணி பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், சாட்சி சொல்லும் நேரம் தவிர. குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் முப்பது வருடமாகக் கணக்கு வாத்தியார். அரை மதிப்பெண்ணைக்கூடக் கூட்டிப் போட மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் சபையில் மைக்கைக் கையில் வாங்கிவிட்டால் மட்டும் தாராளமாகிவிடுவார்.

அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. சாட்சி என்பதே அப்படித்தான். ஞாயிறு ஆராதனையில் ஒருவர் எழுந்து, தான் எவ்வளவு கெட்டுக் கிடந்தேன், கர்த்தர் எப்படித் தூக்கிவிட்டார் என்று சொல்ல வேண்டும். கிடந்த குழி ஆழமாக இருந்தால்தான் தூக்கியவருக்கு மகிமை. அதனால் கல்யாண வீட்டில் எப்போதோ ஒரு கிளாஸ் பீர் குடித்தவர், பெருங்குடிகாரனாக இருந்தேன் என்பார். நாலு நாள் காய்ச்சலில் படுத்தவர் மரணப் படுக்கை என்பார். கேட்கிறவர்களுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். பாதியைக் கழித்துவிட்டுத்தான் அல்லேலூயா சொல்வார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்து யாரும் யாரையும் குடிகாரன் என்று நினைப்பதில்லை.

வேதசிரோமணியின் சாட்சி அவருடைய ஒரே மகள் ஜெரூஷாவைப் பற்றியது. ஒவ்வொரு டிசம்பரிலும் அவள் பிறந்தநாளுக்கு அடுத்த ஞாயிறு, காணிக்கைக் கவரோடு குடும்பமாக முன்னால் போய் நின்று சொல்வார்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு, தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தா. வெளியே அடைமழை. மனைவி புஷ்பத்துக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்து அவசரமாக ஆபரேஷன். நர்ஸ் கதவைத் திறந்து, “பொண்ணு சார்” என்றாள். ஆண் பிள்ளை வேண்டுமென்று பத்து மாதமும் ஜெபித்திருந்த மனிதருக்கு ஒரு கணம் சப்பென்று ஆகிவிட்டது. நர்ஸ் பத்தடி நடந்து வந்து குழந்தையை அவர் கையில் வைக்கும்வரை அது இருந்தது. அப்புறம் இல்லை. புஷ்பம் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தாள். மழையில் ரயில் ஓடவில்லை, ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் யாரும் வந்து சேர முடியவில்லை. அந்த மூன்று நாளும் பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டியது, ஈரத்துணி மாற்றியது, நெஞ்சில் சாய்த்துக்கொண்டு வராந்தாவில் நடந்தது எல்லாம் அவர்தான். கொஞ்ச நேரமாவது கீழே படுக்க வையுங்க சார் என்று ஆயாவிடம் திட்டுகூட வாங்கியிருக்கிறார்.

ஆனால் சாட்சியில் இது எடுபடவில்லை. பத்தடி தூரக் கசப்பை வைத்துக்கொண்டு கர்த்தருக்கு என்ன பெரிய மகிமை சேர்த்துவிட முடியும்? முதல் வருடம், கொஞ்ச நேரம் மனம் கசந்தேன் என்றார். அடுத்த வருடம் அது ஒரு நாள் ஆனது. நாலைந்து வருடத்தில், ‘மூன்று நாள் நான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, கையால் தொடவில்லை’ என்று வந்து நின்றுவிட்டது. வேதத்தில் மூன்று நாளுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. யோனா மீன் வயிற்றில் கிடந்ததும் மூன்று நாள்தான். அந்த இடத்தில் குரலை இறக்கி, சற்று நிறுத்தி, ‘நாலாம் நாள் கர்த்தர் என் கல்லான இருதயத்தை...’ என்று ஏறுவார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வரும் வழியில் புஷ்பம், “இந்த வருஷமும் மூணு நாள்தானா, கூட்டலையா?” என்று சீண்டுவாள். ஜெரூஷாவும் சேர்ந்து சிரிப்பாள்.

ஜெரூஷா நன்றாகப் பாடுவாள். சபையின் பாடகர் குழுவில் பாடிப் பாடித் தேறிய குரல். இந்த வருடம் ஒரு டிவி பாட்டுப் போட்டியில் கடைசிப் பத்துப் பேரில் ஒருத்தியாக வந்துவிட்டாள். சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடக்கிறவர்கள் எல்லாம் வேதசிரோமணியை நிறுத்தி விசாரித்தார்கள். அவரும் கால் தரையில் பாவாமல்தான் நடந்தார். பிறகு இரண்டு வாரம் நடுவர்கள் ஒரே பல்லவியைப் பாடினார்கள்: சுருதி சுத்தம், உணர்ச்சி போதாது. மூன்றாவது வாரம் போட்டியிலிருந்து வெளியேறிவிடுவோம் என்று ஜெரூஷாவே முடிவு கட்டிவிட்டாள்.

அப்போதுதான் அச்சுதன் வீட்டுக்கு வந்தான். நிகழ்ச்சியின் ‘கிரியேட்டிவ் டீம்’ என்றான். முப்பது வயதிருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தான், தண்ணீர் வாங்கிக் குடித்தான், மரியாதையாகப் பேசினான். பின்னால் கேமராவோடு இரண்டு பேர். வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தான். சோபா, ஃபிரிட்ஜ், வசனக் காலண்டர், வாசலில் ஸ்கூட்டர். பார்க்கப் பார்க்க அவன் முகம் தொங்கிப் போனது.

“தப்பா நினைக்காதீங்க அங்கிள். மத்த ஒன்பது பேருக்கும் ஒரு ஸ்டோரி இருக்கு. ஒருத்தரோட அப்பா மூட்டை தூக்குறாரு, ஒருத்தருக்கு அப்பாவே இல்ல. இவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. நீங்க நல்லா இருக்கீங்க, அதான் பிரச்சினை” என்றான்.

நன்றாக இருப்பது ஒரு குறை என்று வேதசிரோமணிக்கு அன்றுவரை தெரியாது. மகளைப் பார்த்தார். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெற்ற பிள்ளைக்கு ஒரு கஷ்டத்தைக்கூடச் சேர்த்து வைக்காமல் போய்விட்டோமே என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

“அவங்க பிறந்த சமயத்துல ஏதாவது? சும்மா மனசுல வர்றதைப் பேசுங்க” என்று சொல்லி, அச்சுதன் அவர் சட்டையில் சின்ன மைக்கைக் குத்தினான். ஜெரூஷாவை வேறொரு காட்சி எடுக்க மாடிக்கு அனுப்பியிருந்தான்.

மைக்கைப் பார்த்ததும் வேதசிரோமணிக்கு வேறொன்றும் ஓடவில்லை. எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, சாட்சி சொன்னார். கேட்கப்போகிறவர்களுக்குப் பாதியைக் கழிக்கத் தெரியாது என்பது அவர் புத்தியில் படவே இல்லை. இருபது நிமிஷம் பேசினார். மூன்று நாள் வந்த இடத்தில் அச்சுதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “அதை மட்டும் இன்னொரு தடவை, இங்க பார்த்துச் சொல்லுங்க அங்கிள்” என்றான். சொன்னார். முதல் தடவையைவிட நன்றாக வந்தது. கிளம்பும்போது அச்சுதன் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். நாடு முழுக்கச் சாட்சி சொல்லக் கர்த்தர் ஒரு வாசலைத் திறந்தாரே என்று அன்றைய குடும்ப ஜெபத்தில் வேதசிரோமணி மனமுருகி நன்றி சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ஷூட்டிங்குக்குப் போன ஜெரூஷா வேறு ஆளாகத் திரும்பி வந்தாள். கேட்டதற்கு, “பாட்டு நல்லா வந்துச்சு” என்றாள், அவ்வளவுதான். அப்பா என்று கூப்பிடவில்லை. அவர் தட்டில் தோசை வைத்தால் எழுந்து போனாள். ஏன் என்பது சனிக்கிழமை நிகழ்ச்சி ஒளிபரப்பானபோதுதான் தெரிந்தது.

முதலில் ஜெரூஷாவின் ஐந்து வயதுப் படம் வந்தது, கிராப்புத் தலையோடு. கலரை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கியிருந்தார்கள். பின்னால் ஒரு வயலின் அழுதது. அடுத்து வேதசிரோமணியின் முகம். ‘நான் ஆண் பிள்ளைதான் கேட்டேன். மூன்று நாள் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, கையால் தொடவில்லை.’ வாய் மூடியது. அங்கேயே வெட்டிவிட்டார்கள். அரங்கத்தில் ஒரு பெரிய திரையில் இதையே பார்த்துக்கொண்டு நின்ற ஜெரூஷாவைக் காட்டினார்கள். அவளுக்கும் அது அப்போதுதான் முதல் தடவை என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு அவள் பாடினாள். இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தாள் என்று தெரியாத ஒரு குரலில் பாடினாள். நடுவர் ஒருவர் மேடை ஏறி அவளைக் கட்டிக்கொண்டு, “வேண்டாம்னு நினைச்ச வீட்டுக்கு நீ யாருன்னு காட்டிட்டேம்மா” என்றார்.

வேதசிரோமணி நாலாம் நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். விளம்பரம் வந்தது.

“மீதியைப் போடவே இல்லையே. ஜெரூ, இது பாதிதாம்மா. உனக்குத் தெரியாதா, சபையில எத்தனை தடவை கேட்டிருக்கே” என்றார்.

“கேட்டிருக்கேன். அப்பல்லாம் அது உங்க சாட்சி. எப்ப முடியும், எப்ப போய் கேக் வெட்டலாம்னுதான் உட்கார்ந்திருப்பேன். அவ்வளோ பெரிய ஸ்க்ரீன்ல பார்த்தப்பதான் அந்தக் குழந்தை நான்னு உறைச்சுது.”

“நடந்தது அப்படி இல்லம்மா. அந்த மூணு நாளும் உன்னைக் கையில வச்சிருந்ததே நான்தான்.”

“அப்ப இருபது வருஷமா சர்ச்ல நின்னு பொய் சொன்னீங்களா?”

கர்த்தருடைய மகிமைக்காக என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் அவருக்கே அசிங்கமாக இருக்கும் போலிருந்தது. விட்டுவிட்டார்.

அதற்கப்புறம் அவள் பழைய ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு விசாரணை நடத்தினாள். பையன் மாதிரி ஏன் முடி வெட்டினீங்க? தலை நிறையப் பேன் இருந்ததும்மா. சைக்கிள் கேட்டேனே, ஏன் வாங்கித் தரலை? மெயின் ரோட்டில் லாரி போகுதேம்மா. உண்மையான பதில்கள்தான். ஆனால் சொல்லி முடித்ததும் ஒவ்வொன்றும் சாக்குப்போக்கு மாதிரி அவர் காதிலேயே விழுந்தது.

இது வீட்டோடு நின்றிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பார். ஜெரூஷாவின் போனுக்கு முன்பின் தெரியாத பெண்களிடமிருந்து செய்திகள் வர ஆரம்பித்தன. எங்க அப்பாவும் இப்படித்தான் அக்கா. என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கே வரலையாம் அக்கா. எனக்குப் பேரே ‘போதும்பொண்ணு’ அக்கா. அவை எதுவும் பொய்யில்லை. ஜெரூஷா ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் எழுதினாள். எழுத எழுத அவள் பேச்சு, நடை, கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் விதம்கூட மாறியது. யாருக்கும் வேண்டாத குழந்தையாக இருந்து தப்பிப் பிழைத்தவள் என்று தன்னை அவள் முழுசாக நம்பினாள். வாராவாரம் முதல் இடத்தில் வந்தாள். கொடுமை என்னவென்றால், முன்னைவிட நிஜமாகவே நன்றாகப் பாடினாள்.

வேதசிரோமணி வெளியே தலை காட்ட முடியவில்லை. தெருமுனையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ராஜகோபால், பதினைந்து வருடப் பழக்கம், குழாய்க்கு வாஷர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: “உங்கள இன்னாவோன்னு நெனச்சிகினு இருந்தேன் சார். எனக்கும் மூணும் பொண்ணுதான். பொறந்த அன்னிக்கே தெருவுக்கே லட்டு குட்த்தேன்.”

“டிவியில பாதிதான் போட்டாங்க ராஜகோபால்.”

“அதுக்கு இன்னா சார், உங்க வாயாலதான சொன்னீங்க.”

பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் அவரிடம் சந்தேகம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். எல்லாவற்றையும்விட அவரை உடைத்தது சபைதான். இருபது வருடமாக முழுச் சாட்சியையும் கேட்டவர்கள், பாதியைக் கழிக்கத் தெரிந்தவர்கள், அவர்களே இப்போது அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஆயர் தனியாகக் கூப்பிட்டு, இந்த டிசம்பர் சாட்சி வேண்டாமே பிரதர் என்றார்.

கடைசியில் புஷ்பத்திடம் போய் நின்றார். “நீயாவது அவகிட்டச் சொல்லு. உனக்குத் தெரியுமே.”

புஷ்பம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “எனக்கு என்னங்க தெரியும்? நான் நினைவில்லாம கிடந்தேன். வீட்ல ஒண்ணு சொன்னீங்க, சபையில ஒண்ணு சொன்னீங்க. எது நிஜம்னு நான் எதை வச்சுச் சொல்ல?” என்றாள். சண்டைக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் சொன்னாள்.

அந்த ஆயாவையும் நர்ஸையும் இருபத்திரண்டு வருடம் கழித்து எங்கே போய்த் தேடுவது? அந்த மூன்று நாளுக்கு இனி உலகத்தில் அவர் ஒருவர்தான் சாட்சி. கண்ணை மூடி அந்த வராந்தாவை நினைத்துப் பார்த்தார். மழைச் சத்தத்துக்குப் பதில் வயலின் கேட்டது. குழந்தையின் சூடு நெஞ்சில் தட்டுப்படவில்லை. டிவியில் பார்த்த அதே கோணத்தில் தன் முகம்தான் தெரிந்தது. ஒருவேளை அப்படித்தான் நடந்ததோ, நான்தான் பிறகு நல்லவிதமாக மாற்றி வைத்துக்கொண்டேனோ என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. பயந்துபோய் எழுந்து முகம் கழுவினார்.

மறுநாளே விடுப்புப் போட்டுவிட்டு அச்சுதனைத் தேடிப் போனார். அன்று எடுத்த இருபது நிமிஷத்தையும் கொடுங்கள், மகளுக்கு மட்டும் போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார்.

“எடிட் முடிஞ்சதும் அழிச்சிடுவோம் அங்கிள். வாரத்துக்கு எவ்வளவு எடுக்கிறோம் தெரியுமா?” என்றான் அச்சுதன். அவனுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. “ஒண்ணு பண்ணலாம். அரையிறுதிக்கு நீங்களும் மேடைக்கு வாங்க. அப்பாவும் பொண்ணும். மனசுல இருக்கிறதை அங்கேயே சொல்லிடுங்க.”

வேதசிரோமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எந்தத் திரையில் போனதோ அதே திரையில் திரும்பக் கிடைத்துவிடும் என்று நம்பினார். சொல்ல வேண்டியதைக் கணக்குப் போடுகிற மாதிரி வரிவரியாக ஒரு தாளில் எழுதினார். நாலு காலை ஏரியைச் சுற்றி நடந்து மனப்பாடம் செய்தார். ஒரு வார்த்தைகூடக் கூட்டாத சாட்சியை அவர் வாழ்நாளில் முதல் தடவையாகத் தயார் செய்தார்.

குன்றத்தூர் பக்கத்தில் ஷூட்டிங் அரங்கம். காலையிலேயே விளக்குச் சூட்டில் சட்டை நனைந்துவிட்டது. முன்வரிசையில் இருபது பெண்கள் ஒரே மாதிரி வெள்ளை டீஷர்ட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நெஞ்சில் ‘நானும் ஜெரூஷா’ என்று அச்சடித்திருந்தது. ஜெரூஷா பாடி முடித்ததும் அவரை மேடைக்கு அழைத்தார்கள். தொகுப்பாளினி மைக்கைக் கொடுத்து, “உங்க பொண்ணுகிட்ட இன்னிக்கு என்ன அங்கிள் சொல்லணும்?” என்று கேட்டாள்.

“மூணு நாள்னு நான் சொன்னது நடந்ததில்ல. பிறந்த நேரத்திலிருந்து இவ என் கையிலதான் இருந்தா. நான்தான் பால் கொடுத்தேன்” என்று ஆரம்பித்தார்.

அரங்கம் சலசலத்தது. தொகுப்பாளினி இரக்கத்தோடு சிரித்தாள். “இப்பகூட ஒத்துக்கக் கஷ்டமா இருக்குல்ல அங்கிள்?”

முன்வரிசையில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளுடைய அப்பாவும் இப்படித்தான் மறுத்திருப்பார் போல. வேதசிரோமணி மகளைப் பார்த்தார். அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவள் முகத்தில் இருந்தது பயம். இத்தனை பேர் முன்னால் இவர் என்னை இன்னொரு தடவை கைவிடப் போகிறார் என்கிற பயம். “அப்பா, ப்ளீஸ்” என்று சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

ஒன்றரை மாதமாக அவள் வாயிலிருந்து அந்த ‘அப்பா’ வரவில்லை. தாளில் எழுதியிருந்த மீதி வரிகளைச் சொன்னால் இனி வரவும் வராது என்று அவருக்கு அங்கேயே தெரிந்தது.

“என்னை மன்னிச்சிரும்மா. மூணு நாள் உன்னைப் பார்க்காம இருந்தது தப்புதான்” என்றார்.

ஜெரூஷா ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதாள். நடுவர்கள் எழுந்து நின்றார்கள். வயலின் ஆரம்பித்தது. வேதசிரோமணியும் அழுதார். அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த நிமிஷம் அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது. பிள்ளை கைக்கு வந்துவிட்டாள்.

ஜெரூஷா இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டாள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் காரில் கிளம்பினார்கள். புஷ்பம் டிரைவர் பக்கத்தில், அப்பாவும் மகளும் பின்னால். அனகாபுத்தூர் தாண்டிப் பம்மலில் நெரிசலில் கார் நின்றது. ஷேர் ஆட்டோக்காரர்கள் ஒருவரையொருவர் வைதுகொண்டிருந்தார்கள். இங்கே கேமரா இல்லை, மைக் இல்லை. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று வேதசிரோமணி நினைத்தார்.

“ஜெரூ, அங்க மேடையில நான் கடைசியா சொன்னது...”

“தெரியும்ப்பா. சொல்றதுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்.”

“அது இல்லம்மா. நிஜமா நடந்தது என்னன்னா...”

அவள் அவர் கையைப் பிடித்து மெல்ல அழுத்தினாள். “வேணாம்ப்பா. திரும்ப மறைக்காதீங்க. நீங்க சொல்லிட்டீங்க, நான் மன்னிச்சிட்டேன். அதோட விட்டுடலாம்.”

அவர் முன்சீட்டைப் பார்த்தார். புஷ்பம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எனக்கு இப்பதான்ப்பா எல்லாம் புரியுது” என்றாள் ஜெரூஷா. குரலில் அவ்வளவு கனிவு. “டைஃபாய்டு வந்தப்ப என் கட்டிலுக்குக் கீழே தரையில படுத்துக் கிடந்தீங்களே. பன்னெண்டாவது பரீட்சைக்கு ஒவ்வொரு நாளும் ஸ்கூல் கேட்டுக்கு வெளியில வெயில்ல நின்னீங்களே. காலேஜ் போற வரைக்கும் என் ஷூவுக்குப் பாலிஷ் போட்டது. எல்லாம் அந்த மூணு நாளுக்கு ஈடு கட்டத்தானே? இத்தனை வருஷமா உள்ளுக்குள்ள எவ்வளவு குற்ற உணர்ச்சியோட இருந்திருக்கீங்க. பாவம்ப்பா நீங்க.”

மூன்று நாள்தான் போனது என்று வேதசிரோமணி நினைத்திருந்தார். இருபத்திரண்டு வருடமும் போய்விட்டது. எதையும் ஈடு கட்ட அவர் அந்தத் தரையில் படுக்கவில்லை. அந்த வெயிலில் நிற்கவில்லை. பிள்ளை மேல் ஆசை, அவ்வளவுதான். அதை இனிமேல் எந்த மைக்கில், யாரிடம் போய்ச் சொல்வது?

ஜெரூஷா அவர் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள். முகத்தை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

“அப்படித்தானேப்பா?”

இல்லை என்று சொன்னால் அந்தத் தலை தோளை விட்டு எழுந்துவிடும்.

“ஆமாம்மா” என்றார் வேதசிரோமணி.